அப்புத்தளை இறக்கத்தில் இரண்டு கார்கள்

பெரகல சந்தித் தேநீர்க் கடை மேசையில் இரண்டு தாள்கள் கிடந்தன. இரண்டிலும் ஒரே வாசகம். இந்த வாகனத்தைப் பரிசோதித்தேன், ஏற்றத்திலும் இறக்கத்திலும் வேகமாக ஓடத் தகுதியானது. வெள்ளைக் காருக்கான தாளில் கொழும்பிலிருந்து வந்த ஆள் ஒருவர் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தார். பச்சைக் காருக்கான தாளை, ஊரார் 'பாஸ்' என்று கூப்பிடும் மெக்கானிக் அந்தோனிப்பிள்ளை மூன்று தரம் வாசித்தார்.

"என்ன பாஸ், யோசிக்கிறீங்க? நேரம் போகுது" என்றார் கார்ப் பந்தயத்தை நடத்தும் குழுவின் செயலாளர். பக்கத்துத் தோட்டமொன்றில் துரையாக இருந்தவர். பொலிஸிடம் பேசி ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணியிலிருந்து ஒன்பது மணிவரை அப்புத்தளை ரோட்டை அடைக்க அனுமதி வாங்கியவர் அவர்தான்.

அந்தோனிப்பிள்ளை பேனாவைத் திறந்தார். 'இறக்கத்திலும்' என்ற சொல்லின் மேல் அவருடைய கண் நின்றது.

வெள்ளிக்கிழமைதான் அவர் பச்சைக் காரை எடுத்துக்கொண்டு பூனாகலைப் பக்கம் ஒரு நீண்ட இறக்கத்தில் இறங்கிப் பார்த்திருந்தார். மூன்று மைல் போனதும் சக்கரத்துக்குள்ளிருந்து கருகல் வாடை வந்தது. பிரேக்கை மிதித்தால் கால் வழக்கத்தைவிட ஆழமாகப் போனது. காரணம் அவருக்குத் தெரியும். அந்தக் காருக்கு உரிய பிரேக் கட்டை இலங்கை முழுக்கத் தேடியும் கிடைக்கவில்லை. லொறிக் கட்டையை அறுத்து, தேய்த்து, ஆணி அடித்துப் பொருத்தியவர் அவரேதான். சமதரையில் அது போதும். ஏற்றத்தில் அது தேவையே இல்லை. ஆனால் ஆறு மைல் இறக்கம் வேறு விஷயம்.

அன்றைக்கே காரின் சொந்தக்காரரும் தன் முதலாளியுமான ஹுமைத்திடம் சொன்னார். ஹுமைத் கேட்கவில்லை. "ஏத்தம் மட்டும் ஓடினா, எறக்கத்துக்குப் பயந்துட்டான்னு வெள்ளைக் கார் மஹ்ரூப் பதுளை கடைவீதி முழுக்கச் சொல்லிக்கிட்டு திரிவாரு. நான் கியர்லயே புடிச்சி எறக்கிருவேன். நீங்க சும்மா இருங்க அந்தோனி."

இப்போது ஹுமைத் கடை வாசலில் நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தோனிப்பிள்ளை கையெழுத்துப் போட்டார்.

அது 1980 ஆகஸ்ட் மாதம். இறக்குமதிக் கட்டுப்பாடு தளர்ந்து, மலைநாட்டு ரோடுகளில் ஜப்பான் வாகனங்கள் ஒவ்வொன்றாகத் தலைகாட்டத் தொடங்கியிருந்தன. பதுளையில் புடவைக்கடை வைத்திருந்த மஹ்ரூப், தாழ்ந்த மூக்கும் ஐந்து கியரும் உள்ள ஒரு வெள்ளை ஸ்போர்ட்ஸ் காரைக் கப்பலில் வரவழைத்தார். பண்டாரவளையில் கராஜ் வைத்திருந்த ஹுமைத்திடம் இருந்ததோ, 1949இல் ஓர் இங்கிலீஷ் துரை கொண்டுவந்து இறக்கிய, கூரை இல்லாத, இருவர் மட்டும் உட்காரக்கூடிய பச்சைக் கார். துரை ஊருக்குப் போனபின் அது தோட்டத்துக் கொட்டகையில் கிடந்தது. ஹுமைத் அதை வாங்கி இழுத்து வந்தபோது இருக்கைக்குள் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. நான்கு வருடம் அவரும் அந்தோனிப்பிள்ளையும் அதன் மரச்சட்டத்திலிருந்து எஞ்சின்வரை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சீர்செய்தார்கள்.

ஹுமைத்தின் மனைவி நளீரா மஹ்ரூபின் தங்கை. ஒன்பது வருடங்களுக்கு முன் அந்தக் கல்யாணத்துக்கு மஹ்ரூப் வரவில்லை. நகக்கண்ணில் கிரீஸ் ஒட்டிய மாப்பிள்ளை தங்கள் குடும்பத்துக்குச் சரிப்படாது என்று பகிரங்கமாகச் சொன்னார். அதன்பின் பெருநாளைக்கு ஒரு ஸலாம், யாராவது இறந்தால் மையத்து வீட்டில் ஒரு தலையசைப்பு, அவ்வளவுதான். ஜூன் மாதம் பதுளையில் ஒரு சொந்தக்காரர் வீட்டு விருந்தில், பலர் கேட்க மஹ்ரூப் சொன்னார்: "எங்க மச்சான் வெச்சிருக்கிறது காரா? பேரீச்சம்பழக்காரனுக்குப் போட்டா ஒரு கிலோ குடுப்பான்." ஹுமைத் சாப்பாட்டிலிருந்து கையை எடுத்துவிட்டு, "அப்புத்தளை ரோட்டுல வந்து சொல்லுங்க" என்றார். அந்த ஒரு வார்த்தை ஊர் ஊராகப் பரவி, இரண்டு மாதத்தில் இந்தச் சந்தியில் வந்து நின்றது.

பெரகலயிலிருந்து அப்புத்தளைக்கு ஏற வேண்டும், பிறகு அதே வழியில் இறங்க வேண்டும். இரண்டு நேரத்தையும் கூட்டிப் பார்த்து, குறைவாக எடுத்தவர் வென்றவர். ரோடு ஒடுக்கம் என்பதால் அரை நிமிட இடைவெளியில் புறப்பட வேண்டும். ஏமாற்று இல்லாதிருக்க, ஒருவருடைய ஆள் மற்றவருடைய காரில் உட்கார்ந்து நேரம் குறிக்க வேண்டும். அதனால் மஹ்ரூபின் கடை மனேஜர் அஸீஸ் பச்சைக் காரில் ஏறினார். அந்தோனிப்பிள்ளை வெள்ளைக் காரில் ஏறினார்.

கதவைச் சாத்தியதும் வெளிச் சத்தம் அறுந்துபோனது. சந்தியில் கூடியிருந்த தோட்டத்துச் சனங்கள் வாய் அசைப்பது தெரிந்தது, குரல் கேட்கவில்லை. மஹ்ரூப் சாவியைத் திருப்பினார். எஞ்சின் ஓடுகிறதா இல்லையா என்று அந்தோனிப்பிள்ளைக்குச் சந்தேகமாக இருந்தது.

"எப்பிடி பாஸ், உங்க பச்சைக்கு இந்த மாதிரி மெத்தை இருக்கா?"

"அதுல துண்டு மடிச்சுப் போட்டுக்கிட்டுத்தான் உக்காரணுங்க."

மஹ்ரூப் சிரித்தார். ஆனால் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த அவருடைய விரல்கள் வெளுத்திருந்தன. அவரும் பயந்திருக்கிறார் என்று அந்தோனிப்பிள்ளை அப்போது கண்டுகொண்டார்.

கொடி விழுந்தது. முதுகு இருக்கையோடு ஒட்டிக்கொண்டது. பச்சைக் கார் ஏற்றத்தில் கத்தும், குலுங்கும், தரையிலுள்ள ஒவ்வொரு கல்லையும் முதுகெலும்பிடம் சொல்லிவிட்டுப் போகும். வளைவில் அதன் பின்பக்கம் வழுக்கும், ஓட்டுபவன் தோளால் அதை இழுத்துப் பிடிக்க வேண்டும். இந்த வெள்ளைக் கார் எதையும் சொல்லவில்லை. வளைவுக்குள் போனது, வெளியே வந்தது. மூன்றாம் கியரில் கூட ஏற்றம் அதற்கு ஏற்றமாகத் தெரியவில்லை. ஒரு திருப்பத்தில் மாடு ஒன்று குறுக்கே நிற்க, மஹ்ரூப் பதறி பிரேக்கை அமுக்கினார். கார் மூக்கைத் தாழ்த்தி, நேர்கோட்டில், கொஞ்சமும் கோணாமல் நின்றது. யாரோ நெஞ்சில் கைவைத்து நிறுத்தியதுபோல் இருந்தது.

'இதுதான் நல்ல கார்' என்று அந்தோனிப்பிள்ளையின் மனம் சொன்னது. சொன்ன உடனே, நான்கு வருட உழைப்புக்குத் துரோகம் செய்ததுபோல் அவருக்குக் கூசியது.

மேலே, அப்புத்தளை பஸாருக்குச் சற்று முன்னால் ஏற்றம் முடிந்தது. வெள்ளைக் கார் எடுத்தது ஒன்பது நிமிடம் ஐம்பது விநாடி. பிறகு பச்சைக் காரின் சத்தம் மலையைச் சுற்றிச் சுற்றி நெருங்கி வந்தது. பத்து நிமிடம் இருபத்தைந்து விநாடி.

கார் நின்றதும் அஸீஸ் கதவைத் திறக்காமலேயே மேலே தாண்டி இறங்கி, மழைத்தண்ணீர் ஓடும் கான் ஓரத்தில் குந்தி வாந்தி எடுத்தார். "நான் இதுல எறங்கி வர மாட்டேன். என்ன வேலைய விட்டு நிப்பாட்டினாலும் பரவாயில்ல" என்றார் மஹ்ரூபைப் பார்த்து. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நேரத்தைக் கீழே நிற்பவர்கள் குறிப்பார்கள், ஹுமைத் தனியாகவே இறங்கலாம் என்று மேலே நேரம் பார்க்க நின்ற செயலாளரின் ஆள் முடிவு சொன்னார்.

அந்தோனிப்பிள்ளை பச்சைக் காரிடம் போனார். ஹுமைத்தின் முகம் காற்றில் சிவந்திருந்தது. கண்ணில் நீர் வழிந்து காய்ந்த தடம்.

"மொதலாளி, இதோட போதுங்க. முப்பத்தஞ்சு செக்கன் தான் வித்தியாசம். முப்பது வருசத்துக் கார் இவ்வளவு கிட்ட வந்ததே பெருசு. தோத்தாலும் மதிப்புத்தான்."

"தோத்தாலும்னு நீங்களே சொல்றீங்க."

"நான் அப்பிடிச் சொல்லல."

"சொன்னீங்க. எறக்கத்துல அவருக்குத் தைரியம் இல்ல. நான் மேல வாறப்ப பார்த்தேன், ரோட்டுல அவரு பிரேக் புடிச்ச அடையாளம் கிடக்கு. ஏத்தத்துலயே பிரேக் புடிக்கிற மனுசன் எறக்கத்துல என்ன செய்வாரு? முப்பத்தஞ்சு செக்கன நான் நாலு வளைவுல எடுத்துருவேன்."

"கட்டை தாங்காதுங்க."

"அந்தோனி," ஹுமைத் குரலைத் தாழ்த்தினார், "ஒன்பது வருசமா நளீரா அவங்க வீட்டு வாசலுக்கு என்னோட போகல. ஏன்னு உங்களுக்குத் தெரியும். நான் எறங்கத்தான் போறேன்."

செயலாளரின் ஆளிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஓட்டம் அங்கேயே நின்றிருக்கும். அந்தோனிப்பிள்ளை இரண்டடி அந்தப் பக்கம் நடக்கவும் செய்தார். தகுதியானது என்று காலையில் கையெழுத்துப் போட்டவன் இப்போது தகுதியில்லை என்றால் என்ன கேட்பார்கள்? எல்லார் முன்னாலும் முதலாளியை வெட்கப்படுத்தியதாகாதா? அவர் நின்று, திரும்பி, வெள்ளைக் காரில் ஏறிக்கொண்டார்.

இறக்கத்தில் வெள்ளைக் கார் முதலில் புறப்பட்டது.

ஹுமைத் சொன்னது சரிதான். மஹ்ரூபின் கால் பிரேக்கை விட்டு எழும்பவே இல்லை. இடது பக்கம் தேயிலைச் சரிவும், அதற்கடியில் புகைபோலத் தெரிந்த சமவெளியும் அவரை உறுத்தின. ரோட்டோரத்தில் வெள்ளையடித்த கற்கள் இருபதடிக்கு ஒன்றாக நின்றன, வேறு தடுப்பு இல்லை.

"பயப்படாம விடுங்க. இதுட பிரேக் நல்ல பிரேக்" என்றார் அந்தோனிப்பிள்ளை.

"நீங்க யாருட ஆள் பாஸ்?" என்றார் மஹ்ரூப், ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மூன்றாவது மைலில், பக்கக் கண்ணாடியில் ஒரு பச்சைப் புள்ளி தெரிந்தது. அடுத்த வளைவில் மறைந்து, அதற்கடுத்த நேர்ரோட்டில் பெரிதாகத் தெரிந்தது. ஹுமைத் ஓட்டுவதை அந்தோனிப்பிள்ளை பெருமையோடு பார்த்தார். வளைவின் வாசலில் கடைசி நொடிவரை வந்து, பிரேக்கை ஓங்கி மிதித்து, திருப்பி, விட்டுப் பாய்ந்து வந்தார். ஒவ்வொரு ஓங்கிய மிதிக்கும் அந்தோனிப்பிள்ளையின் வலது கால் தானாக அசைந்தது. அந்தச் சக்கரங்களுக்குள் என்ன நடக்கிறதென்று அவருக்கு நேரில் பார்ப்பதுபோல் தெரிந்தது.

நான்காவது மைல் கல்லைத் தாண்டியதும் ஹோர்ன் சத்தம் கேட்டது. நீளமாக, விடாமல்.

"பாருங்க, வழி கேக்குறாரு" என்றார் மஹ்ரூப் பல்லைக் கடித்துக்கொண்டு. "குடுக்க மாட்டேன்." காரை ரோட்டின் நடுவுக்கு எடுத்தார்.

அந்தோனிப்பிள்ளை கண்ணாடியைப் பார்த்தார். பச்சைக் கார் மலைப் பக்கம் ஒதுங்கி, மண்மேட்டை உரசியது. தூசி கிளம்பியது. முன்சக்கரத்து மட்கார்ட் பிய்ந்து ரோட்டில் உருண்டது. மறுபடி கார் நடுரோட்டுக்கு வந்தது. வேகம் குறையவில்லை. அவர் ஜன்னல் கைப்பிடியைச் சுழற்றி கண்ணாடியை இறக்கினார். காற்றும் ஹோர்னும் உள்ளே புகுந்தன. அவர் தேடியது வேறு சத்தம். அந்த எஞ்சினின் உறுமல், நான்கு வருடம் தூக்கத்திலும் கேட்ட உறுமல், அது இல்லை. பச்சைக் கார் சும்மா உருண்டு வந்துகொண்டிருந்தது.

"மொதலாளி, அது வழி கேக்குற ஹோர்ன் இல்லீங்க. பிரேக் போயிருச்சு. கியரக் குறைக்கப் பார்த்து அது விழல. எஞ்சின் புடிக்காம ஓடி வருது."

மஹ்ரூப் கண்ணாடியைப் பார்த்தார். ஹுமைத் ஒரு கையால் கைப்பிரேக்கைத் திரும்பத் திரும்ப இழுப்பது இருவருக்கும் தெரிந்தது.

"அப்ப ஒதுங்கி வழி விடவா?"

"விட்டா அவரு போயிருவாரு. பீலி வளைவுக்குப் பொறகு ரெண்டே வளைவுதான். அதுக்குக் கீழ சந்தி. ரோடெல்லாம் சனம் நிக்குது, புள்ளைங்களோட."

"அப்ப என்ன செய்ற?"

அந்தோனிப்பிள்ளை ஒரு தரம் பின்னால் திரும்பிப் பார்த்தார். "நம்ம முதுகுல வாங்கணுங்க. அவரு வேகத்துக்கே நம்மளும் போகணும். பின்னால வந்து ஒட்டினதும், மெதுமெதுவா நம்ம பிரேக்கப் புடிக்கணும். ரெண்டையும் சேர்த்து நிப்பாட்டணும். இந்த பிரேக்குக்கு அந்தச் சத்தி இருக்கு."

மஹ்ரூப் மறுபடி ரோட்டைப் பார்த்தார். ஒரு வளைவு போனது. கண்ணாடியில் பச்சைக் காரின் இரண்டு பெரிய விளக்குகளும் அருகில் வந்தன.

"இந்தக் கார் வந்து ஆறு வாரந்தான் ஆகுது" என்றார் மஹ்ரூப். தனக்குள் சொல்லிக்கொள்வதுபோல்.

"தெரியுங்க."

"அவரு நேரா வந்து மோதினா நாங்களும் பள்ளத்துல தானே?"

"வளைவுல மோதினா அப்பிடித்தான். நேர்ரோட்டுல வாங்கினா இல்ல. பீலிய தாண்டினா கொஞ்சம் நேரா இருக்கு. அதுக்குள்ள செஞ்சிரணும்."

மஹ்ரூப் இரண்டு கைகளையும் ஸ்டியரிங்கில் இறுக்கினார். "யா அல்லாஹ்" என்றார். பிறகு, "சொல்லுங்க பாஸ், நான் என்ன செய்யணும்னு ஒவ்வொண்ணாச் சொல்லுங்க" என்றார்.

"மொதல்ல வேகத்தைக் கூட்டுங்க."

காலை முழுவதும் செய்ய முடியாததை மஹ்ரூப் அப்போது செய்தார். இறக்கத்தில், பள்ளத்தை இடக்கைப் பக்கம் வைத்துக்கொண்டு, பிரேக்கிலிருந்து காலை எடுத்து அக்சலரேட்டரில் வைத்தார். வெள்ளைக் கார் முன்னால் பாய்ந்தது. அந்தோனிப்பிள்ளை ஜன்னலுக்கு வெளியே இடுப்புவரை சாய்ந்து, கையை ஆட்டினார். ஹுமைத்தின் முகம் தெரிந்தது. வாய் திறந்திருந்தது. அந்தோனிப்பிள்ளை உள்ளங்கையால் கதவைத் தட்டித் தட்டி, வெள்ளைக் காரின் பின்பக்கத்தைக் காட்டினார். வந்து மோதுங்க. இங்க. இங்க.

புரிந்ததா என்று தெரியவில்லை. ஹோர்ன் நின்றது.

பீலி வளைவு வந்தது. பாறையிலிருந்து மூங்கில் குழாயில் தண்ணீர் விழும் இடம். ரோடு எப்போதும் ஈரம். வெள்ளைக் கார் ஒரு தரம் வழுக்கித் தன்னைச் சரிசெய்துகொண்டது. பின்னால் பச்சைக் கார் பள்ளத்துப் பக்கக் கல் ஒன்றைத் தட்டி, பின்சக்கரம் ஓரத்து மண்ணைக் கிளப்ப, எப்படியோ திரும்பியது. பிரேக்கும் கியரும் இல்லாமல் அந்த ஈரத்தில் அதைத் திருப்பியது ஹுமைத்தின் கைதான்.

"இப்ப வேகத்த விடுங்க. பிரேக் வேண்டாம். வரட்டும்... வரட்டும்..."

முதல் மோதல் சின்னது. பின்கண்ணாடி உடைந்து பொடியாக உள்ளே கொட்டியது. பச்சைக் கார் பட்டு விலகியது. மஹ்ரூபின் கால் பிரேக்குக்குத் தாவியது.

"வேண்டாம்! இன்னம் ஒட்டல!"

இரண்டாவது மோதலில் தகடு நசுங்கும் சத்தம் நீளமாகக் கேட்டது. பச்சைக் காரின் முன்பக்கம் வெள்ளைக் காரின் பின்பக்கத்துக்குள் புதைந்து பிடித்துக்கொண்டது. இரண்டு கார்களும் ஒன்றாக ஓடின.

"இப்ப. மெல்ல. இன்னம் கொஞ்சம். இன்னம்."

பிரேக் பிடித்தது. பின்னாலிருந்த பாரம் வெள்ளைக் காரின் வாலைப் பள்ளத்துப் பக்கம் தள்ளியது. மஹ்ரூப் ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் திருப்பினார். டயர் கதறியது. வெள்ளைக் கற்கள் ஜன்னலுக்குப் பக்கத்தில் ஒன்று, இரண்டு, மூன்று என்று ஓடி, பிறகு மெதுவாகப் போய், ஒரு கல் அந்தோனிப்பிள்ளையின் முழங்கைக்கு நேராக வந்து நின்றது. எட்டினால் தொட்டிருக்கலாம். அடுத்த வளைவுக்கு முப்பதடி இருந்தது.

அந்தோனிப்பிள்ளைதான் முதலில் இறங்கினார். மலைப் பக்கத்திலிருந்து கற்களைப் பொறுக்கி வந்து பச்சைக் காரின் நான்கு சக்கரங்களுக்கும் முட்டுக் கொடுத்தார். சக்கரத்துக்குள்ளிருந்து புகை வந்துகொண்டிருந்தது.

ஹுமைத் இருக்கையிலேயே இருந்தார். நெற்றியில் காயம், இரத்தம் புருவத்தில் தேங்கியிருந்தது. முறிந்த கைப்பிரேக்கின் பிடி இன்னும் கையில் இருந்தது. மஹ்ரூப் இறங்கி, தன் காரின் பின்பக்கத்தைப் பார்த்தார். பார்த்துவிட்டு ஹுமைத்திடம் போனார். அடிக்கப் போகிறார் என்றுதான் அந்தோனிப்பிள்ளை நினைத்தார்.

"மடையனா நீங்க?" என்றார் மஹ்ரூப். குரல் உடைந்திருந்தது. "நளீராட மொகத்துல நான் எப்பிடி முழிக்கிற? சொல்லுங்க. என்னத்தப் போய்ச் சொல்ற அவகிட்ட?"

மஹ்ரூப் பையிலிருந்து தன் கைலேஞ்சித் துணியை எடுத்து அவருடைய நெற்றியில் வைத்து, அவருடைய கையைப் பிடித்து அதன்மேல் அழுத்தி வைத்தார்.

வெள்ளைக் காரைப் பிரித்தெடுக்கக் கால் மணி நேரம் ஆனது. அது இன்னும் ஓடியது. மஹ்ரூப் சாவியை நீட்ட, அந்தோனிப்பிள்ளையே ஓட்டினார். முன்னால் மஹ்ரூப், பின்னால் கண்ணாடித் தூளைத் துடைத்துவிட்டு ஒடுங்கி உட்கார்ந்த ஹுமைத். பீதியில் ஆட்கள் மேலே ஓடி வந்துகொண்டிருந்தார்கள். சந்தியை அடைந்தபோது ரோட்டை அடைத்துக்கொண்டு கூட்டம் நின்றது. கைக்குழந்தையோடு ஒரு பெண் நடுரோட்டில் நின்று, கார் வருவதைக் கண்டு சாவதானமாக ஒதுங்கினாள்.

செயலாளர் ஓடி வந்தார். "என்ன நடந்தது? யார் யாரை மோதினது?"

"என் பிரேக் போச்சு" என்றார் ஹுமைத், எல்லோருக்கும் கேட்கும்படி. "மச்சான் அவருட கார குடுத்து நிப்பாட்டினாரு. அவருதான் ஜெயிச்சாரு. எழுதிக்கோங்க."

செயலாளர் மேசையில் இருந்த தாள்களைத் தேடினார். அந்தோனிப்பிள்ளை முந்திக்கொண்டு பச்சைக் காருக்குரிய தாளை எடுத்தார். தன் கையெழுத்துக்குக் கீழே எழுதினார். இறக்கத்துக்கு இந்தக் கார் தகுதியில்லை என்பது கையெழுத்திடும்போதே எனக்குத் தெரியும்.

"இப்ப எதுக்குப் பாஸ் இது?" என்றார் செயலாளர். "யாருக்கும் ஒண்ணும் ஆகலியே. இது பொலிஸ் கையில போனா உங்களுக்குத்தான் கரைச்சல்."

"போகட்டுங்க. மேல நின்னப்பவும் எனக்குத் தெரியும். வாயத் தொறக்கல. அடுத்த வருசம் இன்னொருத்தன் இதே மேசையில உக்காந்து கையெழுத்துப் போடுவான். அவனாவது பார்க்கட்டும்."

ஹுமைத் அந்தத் தாளை வாங்கி வாசித்தார். நெற்றியிலிருந்து கைலேஞ்சியை எடுத்துவிட்டு, பேனாவுக்குக் கை நீட்டினார். அந்தோனி எனக்குச் சொன்னார், நான் கேட்கவில்லை என்று எழுதி, தன் பெயரைப் போட்டார். ஒரு துளி இரத்தம் தாளில் விழுந்தது. செயலாளர் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அதற்கடுத்த வருடங்களில் அந்த ரோட்டில் ஏற்றம் மட்டும்தான் ஓடினார்கள்.

பொலிஸிலிருந்து ஒருவர் வந்து மூவரிடமும் வாக்குமூலம் எடுத்தார். அந்தோனிப்பிள்ளைக்கு இரண்டு வாரம் நெஞ்சில் கல் கிடந்தது. வழக்கு எதுவும் வரவில்லை. ஆனால் அவருடைய மனைவி அகஸ்டினா மட்டும், ஞாயிற்றுக்கிழமை பூசையை விட்டுவிட்டுப் போன மனிதன் செத்துப் பிழைத்து வந்தான் என்பதைச் சொல்லாமல் விட்ட நாளில்லை.

வெள்ளைக் காரைப் பதுளைக்கோ கொழும்புக்கோ கொண்டுபோகாமல் ஹுமைத்தின் கராஜில்தான் விட்டார் மஹ்ரூப். ஜப்பானிலிருந்து பின்பக்கத் தகடும் கண்ணாடியும் கப்பலில் வர மூன்று மாதம் ஆகும் என்றார்கள். அவர் வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆ தொழுகை முடித்துப் பண்டாரவளைக்கு பஸ்ஸில் வந்தார். முதல் வாரம் வாசலில் நின்றபடியே வேலையைப் பார்த்துவிட்டுப் போனார். இரண்டாவது வாரம் நளீரா வீட்டிலிருந்து சாப்பாடு கொண்டுவந்து, ஸ்பேனர்களை ஒதுக்கிவிட்டு மேசையில் வைத்தாள். மஹ்ரூப் உட்கார்ந்து சாப்பிட்டார். கறியில் உப்பு கூட என்றார். "ஒம்பது வருசத்துக்குப் பொறகு வந்து உப்பு பார்க்கிறீங்களா நானா?" என்று, அண்ணனைச் சின்ன வயதில் கூப்பிட்டபடியே கூப்பிட்டுக் கேட்டாள் நளீரா. அதன்பின் அவர்கள் இருவரும் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். ஹுமைத் காருக்கு அடியில் படுத்துக்கொண்டு வெளியே வரவேயில்லை.

பச்சைக் காரின் முன்பக்கத்தை அந்தோனிப்பிள்ளை தட்டி நிமிர்த்தினார். உரிய பிரேக் கட்டை வரும்வரை சக்கரம் பூட்ட மாட்டேன் என்று சொல்லிவிட்டார். கொழும்பில் ஒரு பழைய கடையின் பின்கட்டில், மெழுகுக் காகிதத்தில் சுற்றியபடி ஒரு முழு செட் கிடப்பதாக நவம்பர் மாதம் தகவல் வந்தது. ஹுமைத் இரவு ரயிலேறிப் போய் வாங்கி வந்தார்.

கராஜுக்கு வருகிறவர்கள், கார் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதைக் கண்டு, "எது பாஸ் நல்ல கார்?" என்று கேட்பார்கள். "வெள்ளை" என்பார் அந்தோனிப்பிள்ளை. முதலாளி பக்கத்தில் நின்றாலும் அதையேதான் சொன்னார்.

டிசம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை, மழை விட்ட பின்னேரம், மஹ்ரூப் பச்சைக் காரைச் சுற்றிச் சுற்றி வந்தார். "நான் ஒரு தரம் ஓட்டிப் பார்க்கவா மச்சான்?" என்றார். ஹுமைத் அந்தோனிப்பிள்ளையைப் பார்த்தார். அந்தோனிப்பிள்ளை பிரேக்கை மூன்று முறை மிதித்துப் பார்த்துவிட்டு, "தியத்தலாவ பக்கம் போங்க, அங்க ரோடு சமன்" என்றார். ஹுமைத் பக்கத்தில் ஏறிக்கொண்டார்.

அரை மணி நேரத்தில் திரும்பி வந்தார்கள். மஹ்ரூபின் தொப்பி காற்றில் போய்விட்டிருந்தது. தலைமுடி நிமிர்ந்து நின்றது. உள்ளங்கை இரண்டும் சிவந்திருந்தன. இறங்கி இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அந்த எறக்கத்துல இத வெச்சுக்கிட்டு எப்பிடி மச்சான் என்ன எட்டிப் புடிச்சீங்க?"

"பிரேக் இல்லாம" என்றார் ஹுமைத்.

மஹ்ரூப் அவரை முறைத்துப் பார்த்தார். பிறகு சிரிப்பு வந்துவிட்டது. கராஜ் தகரக் கூரை அதிர இருவரும் சிரித்தார்கள். அந்தோனிப்பிள்ளைக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் குனிந்து, நான்கு சக்கரங்களையும் ஒவ்வொன்றாகப் புறங்கையால் தொட்டு, சூடு ஏறியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.